ஆனியில் நடவு, ஐப்பசியில் தோண்டல்: தில்லிக் குளிருக்கு முன் சர்க்கரைவள்ளி எடுக்க முழு வழிகாட்டி

தில்லியில் சர்க்கரைவள்ளிக் கிழங்கு போட்டு ஏமாந்தவர்கள் நிறையப் பேரைப் பார்த்துவிட்டேன். கொடி தளதளவென்று வரும், கைப்பிடிச் சுவரைத் தாண்டித் தொங்கும், வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாம் பார்த்துவிட்டுப் போவார்கள். தோண்டினால் பென்சில் பருமனுக்கு வேர். இல்லையென்றால் கிழங்கு இருக்கும், ஆனால் குக்கரில் நாலு விசில் வைத்தாலும் நடுப்பகுதி வேகாது. உரம் போதவில்லை, மண் சரியில்லை என்று ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். நட்ட தேதியைக் கேட்டால் பெரும்பாலும் விஷயம் அங்கேயே தெரிந்துவிடும்.

ஊரில் பொங்கலுக்குத்தானே சீனிக்கிழங்கு வரும், நாலு மாதம் முன்னால் போட்டால் சரியாக இருக்கும் என்று புரட்டாசியில் நட்டுவிடுகிறார்கள். ஊரில் அது சரி. இங்கே அந்த நாலு மாதத்தில் இரண்டு மாதம் மண் குளிர்ந்து கிடக்கும். அதனால் தில்லியில் நடவு நாளை முதலில் முடிவு செய்யக் கூடாது. தோண்டும் நாளைக் குறித்துக்கொண்டு அங்கிருந்து பின்னால் எண்ண வேண்டும்.

ஆரம்பிக்கும் முன் கையில் இருக்க வேண்டியவை கொஞ்சம்தான். காலண்டர் ஒன்று, மண்ணில் குத்திப் பார்க்கும் வெப்பமானி ஒன்று (சமையலுக்கு விற்கும் கம்பி வகையே போதும்), நாற்றங்காலுக்கு மணல் நிரப்பிய தட்டு, ஒரு நாளில் ஆறு மணி நேரமாவது வெயில் விழும் இடம். வெயில் இல்லாத பால்கனி என்றால் இந்தப் பயிர் வேண்டாம், கீரை போடுங்கள்.

1. தோண்டும் நாளை முதலில் குறியுங்கள்

தில்லியில் நான் வைத்திருக்கும் கெடு நவம்பர் 5. மண் தரையில் ஒரு வாரம் தள்ளலாம். குரோ பேக்கிலும் தொட்டியிலும் ஒரு வாரம் முன்னாலேயே எடுத்துவிடுவது நல்லது, ஏனென்றால் பையின் பக்கவாட்டில் காற்று பட்டு மண் தரையைவிடச் சீக்கிரம் குளிர்ந்துவிடும்.

ஏன் நவம்பர் 5? உறைபனி இங்கே வருவதென்றால் டிசம்பர் கடைசியிலிருந்து ஜனவரி நடு வரை வரும். அதைப் பார்த்துவிட்டு, அப்படியானால் டிசம்பர் 20 வரை செடி நிற்கலாமே என்று நினைக்கிறார்கள். புதிதாகப் போடுபவர்கள் செய்யும் முதல் தப்பு இதுதான். சர்க்கரைவள்ளிக்கு உறைபனி வரை போக வேண்டியதில்லை. மண் 15 டிகிரிக்குக் கீழே போனாலே கிழங்கு பெருப்பது நின்றுவிடும். 10, 12 டிகிரிக்குக் கீழே நாள்கணக்கில் கிடந்தால் கிழங்கின் உள்ளே கெட ஆரம்பிக்கும், வெளியில் ஒன்றும் தெரியாது.

தில்லியில் சராசரி இரவுக் குளிர் அக்டோபரில் 19 டிகிரி அளவில் இருக்கும். நவம்பரில் 13, டிசம்பரில் 8 என்று மளமளவென்று இறங்கிவிடும். டிசம்பரில் செடி நிற்பதால் நமக்குக் கிடைக்கப்போவது எதுவும் இல்லை.

இன்னொரு காரணமும் இருக்கிறது. தோண்டிய கிழங்கை ஒரு வாரம் பத்து நாள் சூட்டில் வைத்துப் பதப்படுத்த வேண்டும். நவம்பர் முதல் வாரத்தில் பகல் சூடு அதற்கு ஓரளவு உதவும். டிசம்பரில் அந்தச் சூட்டுக்கு எங்கே போவது?

2. உங்கள் வீட்டுக் குளிரை நீங்களே அளந்து பாருங்கள்

டிவியில் "தில்லியில் இன்று" என்று சொல்லும் எண் பெரும்பாலும் சஃப்தர்ஜங் நிலையத்து அளவு. பாலம், லோதி ரோடு, ரிட்ஜ், ஆயாநகர் நிலையங்களில் அதே காலையில் வேறு வேறு எண் வரும். கட்டடம் நெருங்கி நிற்கும் கரோல் பாக் மொட்டை மாடியும், யமுனைக் கரைப் பக்கம் திறந்து கிடக்கும் மயூர் விஹார் நிலமும் ஒரே மாதிரி குளிராது. குளிர்ந்த காற்று கனமானது, தண்ணீர் போலப் பள்ளம் பார்த்து இறங்கும். தோட்டத்தின் தாழ்ந்த மூலையில்தான் முதலில் இலை கருகும்.

இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். வானிலை நிலையத்து வெப்பமானி தரையிலிருந்து ஏறக்குறைய நாலடி உயரத்தில் பெட்டிக்குள் இருக்கும். மேகம் இல்லாமல் காற்றும் இல்லாத இரவில் தரை அதைவிட மூன்று நாலு டிகிரி கூடக் குளிர்ந்துவிடும். செய்தியில் 4 டிகிரி என்றால் உங்கள் இலை மேல் அன்று உறைபனி உட்கார்ந்திருக்கலாம். இந்தப் பக்கத்து விவசாயிகள் இதை 'பாலா' என்பார்கள். 2021 ஜனவரி 1 அன்று சஃப்தர்ஜங்கில் 1.1 டிகிரி வரை இறங்கியது. அப்படிப்பட்ட காலையில் வெளியே நிற்கும் சர்க்கரைவள்ளிக் கொடி பிழைக்காது.

செய்ய வேண்டியது சுலபம். அக்டோபர் 15 முதல் தினமும் காலை எட்டு மணிக்கு வெப்பமானிக் கம்பியை நாலு அங்குல ஆழம் குத்தி, வரும் எண்ணைக் காலண்டரில் அந்தத் தேதிக் கட்டத்திலேயே எழுதுங்கள். தொடர்ந்து மூன்று காலை 16க்குக் கீழே வந்தால், கெடு தேதி வராவிட்டாலும் தோண்டிவிடுங்கள். ஒரு வருஷம் எழுதி வைத்தால் அடுத்த வருஷம் உங்கள் கெடு என்னவென்று உங்களுக்கே தெரியும், என் தேதியை நம்ப வேண்டியதில்லை.

3. அங்கிருந்து பின்னால் எண்ணுங்கள்

சந்தையில் வாங்கிய, பெயர் தெரியாத கிழங்கு என்றால் 120 நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். நவம்பர் 5இலிருந்து 120 நாள் பின்னால் போனால் ஜூலை 8. மழைக்காலத்தில் வேர் பிடிக்க ஒரு வாரம் முன்னே பின்னே ஆகும் என்பதால் ஜூன் 25 முதல் ஜூலை 8 வரை என்று நான் வைத்துக்கொள்கிறேன். தில்லிக்குப் பருவமழை வரும் வழக்கமான தேதி ஜூன் 27. இரண்டும் சேர்ந்து வருவது நமக்கு வசதி, தண்ணீர் ஊற்றும் வேலை பாதியாகக் குறையும்.

குறுகிய நாள் ரகம் கிடைத்தால் இன்னும் கொஞ்சம் இடம் இருக்கிறது. திருவனந்தபுரத்தில் உள்ள மத்திய கிழங்குப் பயிர்கள் ஆராய்ச்சி நிறுவனத்தின் ஸ்ரீபத்ரா ஏறக்குறைய 90 நாளில் வரும். அதை ஆகஸ்ட் முதல் வாரம் வரை நடலாம். அதற்கு மேல் எந்த ரகமானாலும் தள்ளாதீர்கள்.

"ஆடிப்பட்டம் தேடி விதை" என்று வளர்ந்தவர்களுக்கு இங்கேதான் கை இழுக்கும். எங்கள் பின்வீட்டு அக்கா, திருநெல்வேலிப் பக்கம், ஆடிப்பெருக்கு அன்றுதான் நடுவேன் என்று நின்றார். ஆகஸ்ட் 2இலிருந்து 120 நாள் எண்ணினால் நவம்பர் 30 ஆகிறது. கடைசி மூன்று வாரம் மண் குளிர்ந்துபோய்க் கிழங்கு பெருக்கவே இல்லை. அடுத்த வருஷம் அதே கிழங்கு, அதே பாத்தி, ஆனி கடைசியில் நட்டார், ஒரு பாரில் (மண்ணை மேடாக அணைத்த வரிசை) ஒரு கூடை நிறைய எடுத்தார். ஆடி நம் ஊர்க் கணக்கு. தில்லிச் சர்க்கரைவள்ளிக்கு ஆனிதான் பட்டம்.

4. கொடிக்கான கிழங்கைச் சிவராத்திரிக்கே வாங்கி வையுங்கள்

ஜூன் கடைசியில் நட வேண்டுமென்றால் ஜூனில் கொடி தேடக் கூடாது. நர்சரியில் கேட்டால் அழகுக்கு வைக்கும் சர்க்கரைவள்ளிக் கொடியைக் கொடுத்துவிடுவார்கள். ஊதா இலையும் வெளிர்ப்பச்சை இலையுமாகப் பார்க்க நன்றாக இருக்கும், ஆனால் அது கிழங்குக்காக வளர்த்த ரகம் இல்லை.

இங்கே ஷகர்கந்தி, அதாவது சர்க்கரைவள்ளி, குளிர்கால வியாபாரம். தெருவோரத்தில் கரியில் சுட்டு எலுமிச்சை பிழிந்து விற்பதெல்லாம் மார்ச்சோடு குறைந்துவிடும். சிவராத்திரி விரதத்துக்கு வீடு வீடாக வாங்குவார்கள் என்பதால் அந்த வாரம் சப்ஜிவாலாவிடம் குவியலாக இருக்கும். அப்போது நாலைந்து கிழங்கு பொறுக்கி எடுங்கள். பெரியது வேண்டாம், கைக்குள் அடங்கும் அளவு போதும். இரண்டு நுனியும் முறியாமல் இருக்க வேண்டும், தோலில் ஊசிக்குத்துப் போன்ற ஓட்டை இருக்கக் கூடாது. ஓட்டை இருந்தால் கூன்வண்டு உள்ளே இருக்கிறது, அதை நீங்களே வீட்டுக்குக் கூட்டி வருகிறீர்கள் என்று அர்த்தம்.

வாங்கியதைச் செய்தித்தாளில் சுற்றி அறைக்குள் வையுங்கள். மார்ச் நடுவில், ஹோலி சமயம், ஈர மணல் தட்டில் படுக்க வைத்து ஓரங்குலம் மணல் மூடுங்கள். முளைக்க 24 முதல் 29 டிகிரி சூடு வேண்டும். பிப்ரவரியில் அவசரப்பட்டு வைப்பவர்களுக்கு அழுகிப்போவது இதனால்தான், ஈரம் இருக்கிறது, சூடு இல்லை. கிழங்கைத் தண்ணீர் டம்ளரில் பல்குச்சி குத்தி நிறுத்தலாமா என்று கேட்பார்கள். பார்க்க அழகுதான், குழந்தைகளுக்கும் பிடிக்கும், ஆனால் மணலில் வைத்ததுபோல் அத்தனை முளை வராது.

5. சித்திரை வைகாசி வெயிலில் கொடியைப் பெருக்குங்கள்

மே முதல் வாரத்தில் முதல் கொடிகள் முழ நீளம் வந்திருக்கும். அவற்றை வெட்டி இன்னொரு பாத்தியிலோ பெரிய தொட்டியிலோ நெருக்கமாக நடுங்கள். இந்த இரண்டாவது நாற்றங்காலை நிறையப் பேர் விட்டுவிடுகிறார்கள். நாலு கிழங்கிலிருந்து நேராக வெட்டினால் பத்துப் பதினைந்து நல்ல நுனிதான் தேறும். இன்னொரு 45 நாள் வளர்த்தால் ஜூன் கடைசியில் ஐம்பதுக்கு மேல் வெட்டலாம். கிழங்கின் ஓரத்திலிருந்து வரும் நோயும் வண்டும் புதுக் கொடிக்குத் தொற்றுவதும் இதில் குறையும்.

மே மாதத்தில் அடிக்கும் 'லூ' என்ற அனல் காற்றுக்கு மட்டும் ஏற்பாடு வேண்டும். மதியம் பன்னிரண்டு முதல் நாலு வரை பச்சை வலையோ பழைய பருத்திப் புடவையோ கட்டி நிழல் கொடுங்கள். தண்ணீர் விடியற்காலையில் ஊற்றுங்கள். கொடி சூட்டுக்குப் பயப்படாது, வேர் காய்ந்தால்தான் போய்விடும்.

6. மண்ணைக் கொடி வெட்டும் முன்னே தயார் செய்யுங்கள்

கொடியை வெட்டிக் கையில் வைத்துக்கொண்டு மண் கொத்த ஆரம்பிக்காதீர்கள். ஜூன் நடுவிலேயே பார் போட்டு வைத்துவிட வேண்டும். அகலம் இரண்டடி, உயரம் ஓரடி. உயரம் எதற்கென்றால், ஜூலை மழையில் தண்ணீர் தேங்கினால் வேருக்குக் காற்று கிடைக்காது, கிழங்காக மாற வேண்டிய வேர் வெறும் வேராகவே நின்றுவிடும்.

தில்லி மண்ணும் தண்ணீரும் பல இடங்களில் கார குணம் உடையவை. சர்க்கரைவள்ளி லேசான புளிப்பு மண்ணை விரும்பும். ஊர்ப் பழக்கத்தில் அடுப்புச் சாம்பல் போடுகிறவர்கள் இங்கே அதை நிறுத்திவிடுங்கள், சாம்பல் காரத்தை இன்னும் கூட்டும். மக்கிய எருவும் மணலும் கலந்து, சதுர மீட்டருக்குப் பத்துப் பன்னிரண்டு கிராம் பொட்டாஷ் போட்டால் போதும். யூரியாவும் பச்சைச் சாணமும் வேண்டாம். தழைச்சத்து கூடினால் கொடிதான் ஓடும், கிழங்கு வராது.

குரோ பேக் என்றால் ஒன்றரை அடி ஆழமாவது இருக்கட்டும், பைக்கு இரண்டு நுனிக்கு மேல் நடாதீர்கள். மூன்றாவது ஒன்றை ஆசைப்பட்டு வைத்தால் மூன்றிலுமே சின்னக் கிழங்குதான் கிடைக்கும்.

7. வெட்டி, இரண்டு நாள் வைத்து, அப்புறம் நடுங்கள்

கொடியின் நுனிப்பக்கம் ஓரடி நீளத்துக்கு வெட்டுங்கள். அடிப்பக்கம் முற்றிய தண்டு, அங்கே கூன்வண்டு முட்டை இருக்கவும் வாய்ப்பு அதிகம். வெட்டியதை இலையோடு கட்டாகக் கட்டி நிழலில் இரண்டு நாள் வையுங்கள். வாடிவிடுமே என்று பதறி உடனே நட வேண்டாம். அந்த இரண்டு நாளில் கணுவில் வெள்ளை வெள்ளையாக வேர்முனை எட்டிப் பார்க்கும், மண்ணில் வைத்ததும் பிடித்துக்கொள்ளும்.

நடும்போது நடுத்தண்டு மண்ணுக்குள்ளும் இரண்டு நுனியும் வெளியிலும் இருக்க வேண்டும். இரண்டு மூன்று கணு உள்ளே போனால் சரி, கிழங்கு அந்தக் கணுவிலிருந்துதான் இறங்கும். நட்டுக்குத்தாகக் குத்தி ஒரு கணு மட்டும் புதைத்தால் ஒற்றைக் கிழங்கோடு முடிந்துபோகும். செடிக்குச் செடி ஒரு சாண் இடைவெளி போதும். மேகம் போட்ட சாயங்காலம் கிடைத்தால் அன்றைக்கே நடுங்கள்.

ஊரிலிருந்து கூரியரில் கொடி வரவழைப்பவர்கள் நாலைந்து நாள் வழியில் போகும் என்று கணக்கில் வையுங்கள். மஞ்சளாகத்தான் வந்து சேரும். இலையைக் கிள்ளிவிட்டு ஒரு ராத்திரி தண்ணீரில் நிறுத்தினால் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும்.

8. முதல் நாற்பது நாள்

கிழங்கு எத்தனை என்பது முதல் ஆறு ஏழு வாரத்தில் முடிவாகிவிடும், எவ்வளவு பெரியது என்பதுதான் அப்புறம். அதனால் ஜூலை ஆகஸ்டில் மழை இடைவெளி விட்டால் மண் காயவிடாதீர்கள். முப்பதாம் நாள் களை எடுத்து மண் அணையுங்கள். மண்ணில் வெடிப்பு விட்டுக் கிழங்கு தெரிந்தால் கூன்வண்டு அந்த வழியாகத்தான் உள்ளே இறங்கும்.

ஓடும் கொடி அங்கங்கே வேர் விடும். மாதத்துக்கு ஒருமுறை மெல்லத் தூக்கிப் புரட்டிவிடுங்கள், வெட்ட வேண்டாம். பொரியலுக்கென்று இலை பறிப்பதும் கொஞ்சமாக இருக்கட்டும், கிழங்குக்குச் சாப்பாடு போடுவது அந்த இலைதான்.

9. கெடுவுக்கு மூன்று வாரம் முன்

அக்டோபர் 15 வாக்கில் ஒரு செடியின் அடியைக் கையால் விலக்கி ஒரு கிழங்கை மட்டும் எடுத்து வெட்டிப் பாருங்கள். வெட்டிய இடத்தில் பால் கசிந்து, ஓரிரு நிமிஷத்தில் வெள்ளையாகவே காய்ந்தால் முற்றிவிட்டது. கரும்பச்சையாக மாறினால் இன்னும் நாள் வேண்டும். மாறுகிறது என்றால் பதினைந்து நாள் விடுங்கள், ஆனால் நவம்பர் 5ஐத் தாண்டி நம்பி உட்காராதீர்கள்.

தோண்டுவதற்குப் பத்துப் பதினைந்து நாள் முன்பே தண்ணீரை நிறுத்துங்கள். ஊரில் ஐப்பசி அடைமழை. இங்கே பருவமழை செப்டம்பர் கடைசியிலேயே விலகியிருக்கும், ஐப்பசி மண் பொலபொலவென்று இருக்கும். தோண்ட இதைவிட நல்ல நேரம் கிடையாது. முதலில் கொடியை அறுத்து ஓரம் தள்ளுங்கள், அப்புறம் செடியிலிருந்து ஓரடி தள்ளிக் கொத்துங்கள். தோல் மிக மெல்லியது, நகம் பட்டாலும் உரியும். தண்ணீரில் கழுவாதீர்கள். மண்ணைக் கையால் தட்டிவிட்டால் போதும்.

10. பொங்கல் வரை வைத்திருப்பது

கஷ்டப்பட்டு எடுத்த கிழங்கை இந்தக் கட்டத்தில் கெடுப்பவர்கள் அதிகம். தோண்டியதும் தோல் காயம் ஆற வேண்டும், மாவு கொஞ்சம் சர்க்கரையாக மாற வேண்டும். அதற்கு 29, 30 டிகிரி சூடும் நல்ல ஈரக்காற்றும் வேண்டும். நவம்பர் தில்லியில் இரண்டும் தானாக வராது. நான் செய்வது இதுதான்: அட்டைப்பெட்டியில் கிழங்கைப் பரப்பி, வீட்டிலேயே சின்னதாக, வெயில் படும் ஜன்னல் உள்ள அறையில் வைத்து, பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீரில் துண்டைத் தொங்கவிட்டு, ராத்திரி ஜன்னலை மூடிவிடுவேன். நல்ல சூடு இருந்தால் ஒரு வாரம் போதும். இந்த ஏற்பாட்டில் சூடு குறைவு என்பதால் பத்து முதல் பதினாலு நாள் விடுகிறேன்.

அப்புறம் ஒவ்வொன்றையும் செய்தித்தாளில் சுற்றிக் கூடையில் அடுக்குங்கள். இனி வேண்டியது 13 முதல் 16 டிகிரி. டிசம்பர் தில்லி வீட்டின் உள்ளறை ஏறக்குறைய அந்தச் சூட்டில்தான் இருக்கும், ஹீட்டர் போடும் அறையும் வெளிச்சுவர் ஓரமும் பால்கனியும் மட்டும் வேண்டாம். ஃபிரிட்ஜில் ஒருபோதும் வைக்காதீர்கள். அந்தக் குளிரில் நடுப்பகுதி கட்டையாகிவிடும், எத்தனை விசில் வைத்தாலும் வேகாது. இப்படி வைத்த கிழங்கு பொங்கலன்று வெந்து வரும்போது தோண்டிய நாளில் இருந்ததைவிட இனிப்பாக இருக்கும். வாரம் ஒருமுறை பிரித்துப் பார்த்து மெத்தென்று ஆனதை மட்டும் எடுத்துவிடுங்கள்.

11. நாள் தவறிவிட்டால்

ஆகஸ்ட் கடைசி வந்துவிட்டது, கையில் கொடி இருக்கிறது என்றால் கிழங்குக்காக நடாதீர்கள். அடுத்த வருஷ நடவுக்காக அதே கொடியில் நாலைந்து நுனியை எட்டு அங்குலத் தொட்டியில் நட்டு, தெற்குப் பக்க ஜன்னலோரம் வைத்து வளருங்கள். நவம்பர் பாதியிலிருந்து ராத்திரி அறைக்குள் எடுத்துவிட வேண்டும். குளிரில் இலை சின்னதாகி ஊதா அடிக்கும், வளர்ச்சி நின்றதுபோல் இருக்கும், பயப்பட வேண்டாம். அந்த நாளில் தண்ணீரை நிறையக் குறைத்துவிடுங்கள், பத்து நாளுக்கு ஒரு டம்ளர் போதும்.

ஏற்கனவே தாமதமாக நட்டு டிசம்பரில் செடி நிற்கிறது என்றால், குளிர் அலை என்று செய்தி வந்த அன்றே தோண்டிவிடுங்கள். இலை கருகிய பிறகு பார்த்தால் கொடியை அன்றைக்குக் காலையிலேயே அறுத்துவிட வேண்டும், அழுகல் தண்டு வழியாகக் கிழங்குக்கு இறங்கும். அப்படி எடுத்த கிழங்கைச் சேமிக்காமல் அந்த வாரமே சமைத்துவிடுங்கள்.

தொட்டியில் காப்பாற்றிய கொடி பிப்ரவரி கடைசியில் மறுபடி துளிர்க்கும். அதை மார்ச்சில் பெரிய தொட்டிக்கு மாற்றினால் முளைக்கட்டும் வேலை மிச்சம், மே மாதம் நேராக ஐந்தாம் படிக்கு வந்துவிடலாம்.